மூன்றாம் பெர்த்தில் கால் மீட்டர் அலை

1

இந்தக் கதையை எனக்குப் பாதி சொன்னவருக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் மருத்துவமனை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, துறைமுகத்தில் நடந்த ஒரு விசாரணையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். முக்கியமான இடத்தில் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது பல்லும் இல்லை, பேச்சும் இல்லை. உதடு மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றார். மீதியைக் கையால் காட்டினார்: உள்ளங்கையைக் கவிழ்த்து, இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை. அது ‘அலை’யாகவும் இருக்கலாம், ‘எல்லாம் முடிந்தது’ ஆகவும் இருக்கலாம், ‘என் பேருந்து வந்துவிட்டது’ ஆகவும் இருக்கலாம்.

அடுத்த வாரமும் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள்; வலிக்காத பல். சும்மா உட்கார்ந்திருப்பவனை அங்கே விடுவதில்லை.

ஆக, கதையின் முடிவு என் கையில் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்துக்கு வந்து என் சட்டையைப் பிடிக்காதீர்கள்.

கதைக்கு வேண்டிய கணக்கு மட்டும் எனக்குத் தெரியும் [‘தெரியும்’ என்பதை அடித்துவிட்டு ‘பழக்கம்’ என்று போடவும்]. முப்பத்தொரு ஆண்டு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். கலப்பெண் சார்புகளின் தொகையீடுகளுக்குத் தோராய விடை காண்பது எப்படி என்று ஒரு தடித்த புத்தகம் வந்தது. அதை எழுத்தெழுத்தாக மூன்று முறை படித்தேன். முதல் முறை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் முறை, ஒன்றும் புரியவில்லை என்பது புரிந்தது. மூன்றாம் முறை, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், இரண்டு மலைகளும் நடுவில் ஒரு கணவாயும் கண்ணில் பட்டன. அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை.

2

தொடக்கங்கள்.

கடல் அன்று காலையில் [கைவிட்டேன். கடலில் தொடங்கினால் நாலு பக்கத்துக்குக் கடலே ஓடும். மனிதர்கள் வரும்போது வாசகர் கரையேறிப் போயிருப்பார்.]

‘தோராயம்’ என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பெண், தன் ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தபோது, அது தன் கையெழுத்திலேயே [வாக்கியம் இங்கே நின்றுவிட்டது. அவளும் இந்த இடத்தில்தான் நின்றாளாம்.]

மாப்பிள்ளை செத்து இருபத்தாறு நாள் கழித்து, அலை அட்டவணை சரிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்படி விசாரணைக் குழுவிலிருந்து அவளுக்கு ஒரு தாள் வந்தது.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

மாப்பிள்ளை என்றால் அவளுடைய தங்கையின் கணவர். துறைமுகத்தில் கயிறு கட்டும் வேலை. அவள் அதே துறைமுகத்தின் அலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே தேநீர் கொண்டுவருபவர் முதல் நாள், “சர்க்கரை எத்தனை ஸ்பூன்மா?” என்று கேட்டதற்கு, “ஒன்னரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல. ஒன்னரைக்குப் பக்கமா” என்றாளாம். அந்த நிமிடம் ஒட்டிக்கொண்ட பெயர், ‘தோராயம்’. மேலதிகாரி பதவி உயர்வுக் கடிதத்திலேயே மறதியாக அப்படி எழுதி, பிறகு வெள்ளை பூசி மறைத்தார் என்று பல்வலிக்காரர் சொன்னார். இதை நான் நம்பவில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

3

கணக்கைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பயப்படாதீர்கள். நான் கடந்த பள்ளம்தான், முழங்கால் அளவு.

துறைமுகத்துக்குள் ஓரிடத்தில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று தெரிய வேண்டுமானால், அங்கே வந்து சேரும் எண்ணற்ற சின்ன அலைகளைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலுக்குத்தான் தொகையீடு என்று பெயர். ஒன்று மேலே தள்ளும், மற்றொன்று கீழே இழுக்கும். நேராகக் கூட்டப் போனால் ஆயுசு போதாது. அதனால் இந்தத் தொழில்காரர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். கோட்டின் மேல் நடக்க வேண்டிய கணக்கைக் கலப்பெண்களின் வெளிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே பக்கவாட்டிலும் இடம் உண்டு. பாதையின் இரண்டு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொண்டு நடுவில் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், விடை மாறாது.

அந்த வெளியில் மலை உண்டு, பள்ளத்தாக்கு உண்டு, மலைகளுக்கு நடுவில் கணவாய் உண்டு. பாதையைக் கணவாய் வழியாக வளைத்து, இருபுறமும் செங்குத்தாக இறங்கவிட்டால், மொத்த விடையும் கணவாயின் உச்சியைச் சுற்றி ஒரு கைப்பிடி இடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதை மட்டும் கணக்கிட்டால் போதும். மீதி தள்ளுபடி. கணக்கிடும் இடம் எவ்வளவு தொலைவோ விடை அவ்வளவு துல்லியம். [‘துக்கத்துக்கும் இது பொருந்தும்’ என்று அடுத்து எழுதியிருந்தேன். பொருந்தாது. அடித்துவிட்டேன்.]

ஒரே ஒரு நிபந்தனை. அந்த வெளியில் சில இடங்களில் கம்பங்கள் நிற்கும். ஊசி அளவு இடம்தான். ஆனால் உயரத்துக்கு எல்லை கிடையாது. பாதையை வளைத்து இழுக்கும்போது ஒரு கம்பத்தைத் தாண்டிவிட்டால், அதன் பங்கைத் தனியாகக் கூட்டிச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டாலும் கணவாய் ஒரு விடையைக் கொடுக்கும். அழகான, சின்ன, தப்பான விடை.

4

பதினாலு வருடத்துக்கு முன்னால் அவள் போட்ட அட்டவணை அது. வரிசைகளில் பெர்த்துகள், அதாவது கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்தும் இடங்கள். பத்திகளில் அலை வரும் திசைகள். எந்த இடத்தில் எந்தத் திசை அலைக்கு எவ்வளவு உயரம் என்று ஒரே பார்வையில் தெரியும். கயிற்று மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் ஆட்களை இறக்குவார். அரை மீட்டருக்கு மேல் என்றால் யாரும் கரையோரம் போகக் கூடாது.

முதலில் ஏழு திசைகள்தான் கேட்டார்கள். ஏழுக்கும் கம்பம் வெகு தூரத்தில் இருந்தது. நோட்டின் ஓரத்தில், ‘கம்பம் குறுக்கே வரவில்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். ஏழும் சரியான எண்கள். பிறகு மேலதிகாரி வந்தார்.

“பன்னெண்டு திசையும் இருந்தா பார்க்க நிறைவா இருக்கும்மா.”

“மிச்சத் திசையில அலை மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம் சார்.”

“அதான் சொல்றேன். வராத அலைக்கு எவ்வளவு நேரம் ஆகப் போகுது? வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடுங்க.”

அதே சூத்திரத்தில் திசையை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டாள். எட்டாவது பத்தியில், மூன்றாம் பெர்த்துக்கு, நாற்பத்தொரு மீட்டர் என்று விடை வந்தது.

நாற்பத்தொரு மீட்டர் அலை வந்தால் துறைமுகம் மட்டுமல்ல, நான் வேலை பார்த்த அச்சகமும் இருக்காது. அபத்தமான எண். கணவாய்க்கு மிக அருகில் கம்பம் வந்துவிட்டால் சூத்திரம் இப்படித்தான் பிதற்றும் என்பது அவளுக்குத் தெரியும். பிதற்றலைச் சரிப்படுத்த வழியும் தெரியும். ஒன்பதாவது பத்திக்குப் போனாள்: கால் மீட்டர். ஏழாவது பத்தியிலும் கால் மீட்டருக்குப் பக்கம். இரண்டு பக்கமும் அமைதி. நடுவில் ஒன்று மட்டும் கத்துகிறது. அவள் என்ன செய்தாள் என்றால், இருபக்க எண்களின் சராசரியை எடுத்து எட்டாவது பத்தியில் போட்டு அதன் வாயை அடைத்தாள்.

அந்த எண் ஏன் கத்தியது என்று மட்டும் கேட்கவில்லை. பாதை அந்த இடத்தில்தான் கம்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. எட்டுக்கு இந்தப் பக்கம் கம்பம் வெளியே, அந்தப் பக்கம் உள்ளே. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, எதிரேயுள்ள கல்சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை முழுவதும் அந்தக் கம்பத்தின் பங்கில்தான் இருந்தது. அது அட்டவணையில் ஏறவே இல்லை.

கணக்கு தெரியாதவர் இந்தப் பிழையைச் செய்ய முடியாது. நாற்பத்தொன்றைப் பார்த்ததும் பயந்து அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். சூத்திரம் எங்கே தடுமாறும் என்று நன்றாகத் தெரிந்தவளுக்குத்தான் பயம் வரவில்லை.

அந்தத் திசையில் அலை நாலு முறை வந்துபோனது. நாலு முறையும் மூன்றாம் பெர்த் காலியாகக் கிடந்தது. ஆளில்லாத இடத்தில் தப்பிய கணக்கை யாரும் பிழை என்று சொல்வதில்லை.

[ஒரு வரைவில் பழியைப் புத்தகத்தை அச்சிட்டவர்கள் மேல் போட்டுப் பார்த்தேன்: கம்பத்தைப் பற்றிய அடிக்குறிப்பை, பக்கம் மிச்சம் பிடிக்க, மெய்ப்புப் பார்த்தவன் நூலின் கடைசிக்குத் தள்ளிவிட்டான் என்று. மெய்ப்புக்காரர்களுக்கு அது அநியாயம் என்று பட்டது. அந்த வரைவைக் கிழித்தேன். கிழித்தேன் என்பது பொய். மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன். மேசை இப்போது ஆடுவதில்லை.]

5

மாப்பிள்ளையின் சாவை எழுதாமல் தப்பிக்க நான் செய்யாத வேலை இல்லை.

முனைகள் இரண்டும் எனக்கு நிச்சயம். ஒரு முனையில் அவள் அட்டவணை போடுகிறாள், மறுமுனையில் விசாரணை நடக்கிறது. நடுவில் பாதையை வளைக்க எனக்கு உரிமை உண்டுதானே? வளைத்தேன். முதலில், அன்று காலை மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். அவர் வீட்டில் படுத்துக்கொண்டார். அவர் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து ஆள் நின்றார். கயிறு அவரை அடித்தது. அவருக்கும் ஒரு வீடு இருந்தது. சரி, கப்பலையே வரவிடாமல் செய்வோம் என்று நடுக்கடலில் அதன் இயந்திரத்தைப் பழுதாக்கினேன். பத்து நாள் கழித்து வேறு கப்பல் வந்தது. காற்றையே திருப்பிவிட்டேன், மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தது, அதற்குள் அந்த வேலைக்குப் புதிய ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரைக் கூட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது. கடைசியில் மாப்பிள்ளையிடமே திரும்பி வந்தேன். அவரை எனக்குக் கொஞ்சமாவது பழக்கம்.

நடந்தது இதுதான். காலை ஒன்பது மணி. மூன்றாம் பெர்த்தில் ஒரு சரக்குக் கப்பல். கயிறு மாற்ற வேண்டும். மேஸ்திரி அறைச் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தார்: ஒன்பதாவது பத்தி, கால் மீட்டர். ஆட்களை இறக்கினார். வந்தது ஒன்றரை மீட்டருக்கும் மேல். கப்பல் கரையைவிட்டு ஒரு இழுப்பு இழுத்தது. தொடை கனமுள்ள நைலான் கயிறு பாதியில் அறுந்து திரும்பியது. அறுந்த கயிறு திரும்பும் வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாதாம். மாப்பிள்ளையின் தலைக்கவசம் மட்டும் பக்கத்துப் பெர்த்தில் கிடைத்தது. அதில் கீறல்கூட இல்லை.

6

தங்கை அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தினமும் காலையில் எழுந்து குளித்து, நல்ல சேலை உடுத்தி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நிற்பாள். அவர் போட்ட முடிச்சு சரியில்லாததால்தான் கயிறு அறுந்தது என்று பத்து நிமிடம் திட்டுவாள். திரும்பி வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவாள். திட்டாத நாளில் சாப்பாடு இறங்குவதில்லை.

“இன்னைக்கு கதவத் திறந்து வெளிய வந்துட்டான்க்கா” என்றாள் ஒரு நாள்.

“என்ன சொன்னாரு?”

“ஒன்னும் சொல்லல. ஒரு சேர் கொண்டுவந்து போட்டான். உக்காந்து திட்டுன்னு நெனச்சான் போல.”

“உக்காந்தியா?”

“உக்காந்தா வேகம் வராதுக்கா.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அந்தத் தாள்ல நீ கையெழுத்துப் போட்டாதான் அவன் மேல நடவடிக்கைன்னு சொல்றாங்களே. எப்போ போடுவ?”

“பழைய நோட்டை ஒரு தடவை பார்த்துடறேன்.”

“உன் கணக்கு தப்பாகுமா என்ன? நீ சர்க்கரைக்கே அளவு சொல்றவ.” தங்கை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். “அந்தாளு மட்டும் இல்லைன்னா நான் யார் மேலக்கா கோபப்படறது? செத்தவர் மேலயா? நல்ல வேளை, முடிச்ச ஒழுங்காப் போடத் தெரியாத ஒருத்தன் இருந்தான்.”

மறுநாள் அலுவலகத்தில் அக்கா பழைய நோட்டை எடுத்தாள். நாற்பத்தொன்று என்று பென்சிலில் எழுதி, மேலே ஒரு கோடு கிழித்திருந்தது. பக்கத்தில் தன் கையெழுத்து: ‘அபத்தம். இருபக்கச் சராசரி எடு.’ பதினாலு வருடத்தில் அந்தக் கையெழுத்து கொஞ்சம்கூட மாறவில்லை. கம்பத்தின் பங்கைச் சேர்த்து ஒன்பதாவது பத்தியைத் திரும்பப் போட இருபது நிமிடம் ஆனது. ஒரு மீட்டர் அறுபது.

7

இந்த இடத்தில் எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது.

பிழையைக் கண்டவள் உடனே ஓடிப்போய் அட்டவணையைச் சுவரிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டாமா? பிடுங்கவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தாள். பல்வலிக்காரர் இதைச் சொன்னபோது, “என்ன ஜென்மம் இவள்?” என்று கேட்டேன். அவர் கன்னத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு, “நீங்க அந்த வேலை பார்த்ததில்லையே” என்றார்.

அவள் போட்ட கணக்கு இப்படி. அந்தத் திசையில் அலை மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை. வானிலை அறிக்கையில் இந்த வாரம் அப்படி எதுவும் இல்லை. மூன்று நாளில் ஆபத்து வருவதற்கான வாய்ப்பு மிகச் சிறியது. சிறியதைத் தள்ளுபடி செய்வது அவள் தொழில். தொழில்தான் அவளைக் கெடுத்தது என்று முடிவுகட்டலாம். [வேண்டாம். தங்கை சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று இன்னும் மூன்று நாள் ஆசைப்பட்டாள் என்றும் இருக்கலாம். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.]

நாலாம் நாள் மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட மனிதர், வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க. இன்னைக்கு உங்க முறையா? தங்கச்சிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?”

“அட்டவணை தப்பு” என்றாள்.

அவர் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் தாளை விரித்துச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாம் வரியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தாள்ல வர்றது எனக்கு ஏறாதும்மா. கயித்துல காட்டுங்க.”

கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். மறுமுனையை அவரிடம் கொடுத்து வாசல்படியில் உட்காரச் சொன்னாள். நடுக்கயிறு தரையில் தொய்ந்து கிடந்தது. மண்ணில் ஒரு கடப்பாரையைக் குத்தி நிறுத்தினாள்.

“முனை ரெண்டும் அசையக் கூடாது. நடுவுல இருக்கிற கயித்த அந்தச் சுவர் ஓரமா இழுத்துக் கொண்டுபோகணும்.”

அவர் காலால் இழுத்தார். “கடப்பாரையில மாட்டுது.”

“ஆமா.”

“தூக்கித் தாண்டிப் போடலாமா?”

“கூடாது. அதுக்கு உச்சி கிடையாது.”

மேஸ்திரி கயிற்றை மறுபடி இழுத்தார். அது சுவர் ஓரத்தை அடைந்தது, கடப்பாரையைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் விழுந்து நின்றது.

“வளையம் ஒன்னு மாட்டிக்கிட்டு நிக்குதே.”

“அந்த வளையத்தத்தான் நான் எழுதாம விட்டேன்.”

விசாரணைக் குழுவில் மூன்று பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இதை விளக்க ஒரு நாள் முழுக்க ஆகியிருக்கும். இவருக்கு நாலு நிமிடம்.

“வளையம் எவ்வளவு?”

“ஒன்னரை மீட்டர். கொஞ்சம் குறைய.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். நானும் பேனாவோடு காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

“நான் எழுதிக் குடுத்துட்டேனேம்மா.”

“என்னன்னு?”

“முடிச்சு என் தப்புன்னு. ரெண்டு நாள் உக்காந்து யோசிச்சேன். அட்டவணை பதினாலு வருஷமா பொய் சொன்னதில்ல. கயிறு புதுசு. உங்க மாப்பிள்ளை வேலை தெரிஞ்சவரு. எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் என் கைதான். அப்புறம் மெதுவா ஞாபகம் வர ஆரம்பிச்சிருச்சு. இப்போ நல்லாவே ஞாபகம் இருக்கு. எந்த விரல் நழுவுச்சுன்னுகூடச் சொல்வேன்.” வலது கையின் நடுவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“அப்படி நடக்கல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அங்க இல்லையே.”

தன் கையைவிட அவளுடைய எண்ணை நம்பிய மனிதரிடம் எண் தப்பென்று சொல்லியாகிவிட்டது. ஆனால் விரல் நழுவியதை அவர் மறக்க மாட்டேன் என்கிறார். அந்த நினைவை அவருக்குப் போட்டுக்கொடுத்ததும் அவள்தான்.

“கமிட்டியில சொல்லப்போறேன்” என்றாள்.

“கமிட்டி எங்கயும் ஓடிராது. தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?”

அவள் விரித்த தாளை மடித்தாள்.

“அங்க சொல்லுங்க மொதல்ல. என்னால ரெண்டு பேருக்கும் சேர்த்து சேர் போட முடியாது.”

8

மறுநாள் காலை தங்கையும் அலுவலகத்துக்குக் கூடவே வந்தாள். தாளைத் தானே கையோடு வாங்கிக் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். அலைக் கணக்குப் பிரிவில், மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் மேசைத் தூசியைத் துடைத்தாள். தாளைத் திருப்பி அக்காவின் பக்கமாக வைத்தாள். ‘மேற்படி அட்டவணையைச் சரிபார்த்தேன். பிழை ஏதும் இல்லை.’ கீழே வெற்றிடம்.

“நேத்து எங்க போயிட்ட? சாப்பிடக்கூட வரல” என்றாள் தங்கை.

“சொல்றேன். உக்காரு.”

“உக்காந்துதானே இருக்கேன்.”

தொலைபேசி அடித்தது. அந்தப் பிரிவின் தொலைபேசி மிகப் பழையது. மறுமுனையில் பேசுபவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பேசுவது போல எல்லோருக்கும் கேட்கும். [இந்தத் தொலைபேசியை என் வசதிக்காக வைத்தேன் என்று நினைக்க வேண்டாம். பல்வலிக்காரர் அதன் நிறத்தைக்கூடச் சொன்னார்.]

“அலைப் பிரிவுங்களா? மூணாம் பெர்த்துல இருந்து பேசறேன். புது மேஸ்திரி.”

“சொல்லுங்க.”

“அலை திரும்பிட்டு வருதுக்கா. ஒன்பதாவது பத்தித் திசை. அட்டவணையில கால் மீட்டர்னு போட்டிருக்கு. எட்டுப் பேர் மேல தயாரா நிக்கிறாங்க. இறக்கட்டுங்களா?”

ஒன்றரை மாதத்துக்குள் இரண்டாவது தடவையா, கதைக்காரன் கைவரிசையா என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்பது நாம் சொல்லிக்கொள்வது. கடலிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை.

“அட்டவணை அங்கேயே இருக்கே, எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள்.

“சும்மாதான். போன தடவை நடந்தது மனசுல இருக்கு. ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.”

தங்கை தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“இறக்காதீங்க” என்றாள் அக்கா. “ஒருத்தரையும் இறக்காதீங்க.”

இதுவரைக்கும் நான் எழுதுவேன். இந்த வார்த்தையை வேறு யாருடைய முடிவுக்கும் விடவில்லை. ‘இறக்குங்க’ என்று எழுதிப் பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. எட்டுப் பேரும் மேலேயே நிற்கட்டும். ஆனால் புது மேஸ்திரிக்குப் பொறுப்பு அதிகம். அவர் கேட்டார்:

“ஏன்க்கா? அட்டவணை தப்பா?”

அறை முழுக்க அந்தக் கேள்வி தெளிவாகக் கேட்டது. தலைப்பால் தூசி துடைத்துக்கொண்டிருந்த தங்கையின் கை மேசையின் நடுவில் அப்படியே நின்றது.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் உண்டு.

‘ஆமா’ என்று சொல்கிறாள். எட்டுப் பேரும் பிழைக்கிறார்கள், அட்டவணை சுவரிலிருந்து இறங்குகிறது. மேஸ்திரி வேலைக்குத் திரும்பலாம். விரல் திரும்புமா என்பது தெரியாது. தங்கை எழுந்துபோய்விடுகிறாள். எங்கே போகிறாள் என்று எழுதப் பார்த்தேன். அவளுக்கு வேறு வீடு இல்லை.

‘இல்ல, இன்னைக்கு ஒரு சோதனை நடக்குது, அதான்’ என்று சொல்கிறாள். இன்றைக்கு எட்டுப் பேரும் பிழைக்கிறார்கள். தங்கை மூச்சை விட்டுவிட்டுத் துடைப்பதைத் தொடர்கிறாள். தாள் கையெழுத்தாகிறது. அட்டவணை சுவரிலேயே இருக்கிறது, அடுத்த முறை புது மேஸ்திரிக்குப் பழகிவிட்டிருக்கும், கேட்கத் தோன்றாது. எல்லாவற்றிலும் இதுதான் மிக எளிதாக எழுத வருகிறது. எனக்கே பயமாக இருந்தது.

மூன்றாவதில் அவள் தொலைபேசியை வைத்துவிட்டு முதலில் தங்கையிடம் சொல்கிறாள், பிறகு திரும்பக் கூப்பிடுகிறாள். இதுதான் நியாயம் என்று எழுதிக்கொண்டே போனேன். காரணம் கேட்டுப் பதில் கிடைக்காத புது மேஸ்திரி, கப்பல்காரர்கள் அவசரப்படுத்தவே, அட்டவணையை இன்னொரு முறை பார்த்துவிட்டு ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். என்னால் ஒன்றை எடுக்க முடியவில்லை. எடுக்க எனக்கு உரிமையும் இல்லை. நான் பாதி கேட்டவன். நீங்கள் என்னைவிட அதிகம் கேட்டவர். வளையம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். தங்கை எதைத் தின்று உயிரோடு இருக்கிறாள் என்றும் தெரியும்.

தொலைபேசியை உங்கள் கையில் கொடுக்கிறேன். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மறுமுனையில், “அக்கா? லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவள், “யாருக்கா? என்ன கேக்கறாங்க?” என்கிறாள், கேட்டதெல்லாம் காதில் விழுந்த பிறகும்.